ஜெபம் பண்ணாத கஞ்சி

தொண்டைப் புற்றுக்கு அறுவை செய்த பிறகு கொத்தனார் ஞானதிரவியத்துக்குக் குரலும் இல்லை, விழுங்கவும் வழியில்லை. மூக்கில் செருகியிருந்த குழாயின் முனையில் பெரிய சிரிஞ்சை மாட்டி, அதை உயரத் தூக்கிப் பிடித்துக் கஞ்சியை ஊற்றினாள் அவர் மனைவி ரத்னபாய். கஞ்சி இறங்கவில்லை. அவர் இரண்டு விரலால் குழாயை நெரித்துப் பிடித்திருந்தார்.

“விடுங்க ஐயா, ஆறிப்போகுதுல்லா” என்றாள் நர்ஸ்.

“ஜெபம் பண்ணாம சாப்பிட மாட்டாவ, சிஸ்டர்” என்றாள் ரத்னபாய்.

வீட்டில் எப்போதும் அவர்தான் ஜெபிப்பார். பழைய சோற்றுக்கும் பண்டிகைச் சாப்பாட்டுக்கும் ஒரே நீளம்; பிள்ளைகள் அதற்குள் ஒரு கறித்துண்டைத் திருடித் தின்றுவிட்டு வாயையும் துடைத்துக்கொள்ளலாம். இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்னபாய் கண்ணை மூடினாள். “ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக…” அதற்கு மேல் வரவில்லை. “எதுக்குன்னு நான் ஸ்தோத்திரம் சொல்லட்டும்? உம்மப் பாடுன தொண்டையத்தானே எடுத்துட்டீரு. நீரே சொல்லும்!”

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆமென் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. அவர் உதடுகள்தான் சத்தமில்லாமல் அதைச் சொல்லின. விரல்கள் விலகின. கஞ்சி மெல்ல இறங்கத் தொடங்கியது.

தூக்கிய கை கடுத்தது. தாழ்த்தினால் கஞ்சி நின்றுவிடும் என்று அவள் அப்படியே நின்றாள். நாக்கில் ஒரு சொட்டும் படாத அந்தக் கஞ்சிக்கு, ஞானதிரவியம் கண்களை மூடிச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார்.