இரண்டாவது தொட்டி

காலையிலிருந்தே ஜூடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்ணூரில் வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு தொட்டி ஜிலேபி மீன்களையும் இன்று எடை போட வேண்டும்.

போன முறை மீனெல்லாம் வயிறு வீங்கிச் செத்தபோது, மறுபடி விசைப்படகுக்கே போவதாகச் சொன்னான் கணவன் கஸ்பார். ஒருமுறை படகு கவிழ்ந்து பிழைத்து வந்தவன். ஜூடி விடவில்லை.

"தீனியில நல்ல கிருமிப் பொடி கலந்து போட்டா மீனு வயிறு கெடாதாம்யா. நல்லா வளருமாம்."

"கிருமியப் போய் துட்டு குட்த்து வாங்குவியா? ஒரு தொட்டிக்கு மட்டும் போட்டுப் பாரு. ரெண்டும் ஒரே மாரி இருந்துச்சின்னா நான் படகுக்குப் போறேன்."

இப்போது அவள் பொடி போட்ட தொட்டியில் மீன்கள் கொழுத்துக் கிடந்தன. ஆனால் பொடி போடாத தொட்டியிலும் அதே எடைதான் வந்தது. ஜூடி தராசிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொடியால ஒண்ணும் ஆவல. நீ கெளம்புய்யா."

"நான் எங்கியும் போவல."

"பந்தயம் இன்னா ஆச்சு?"

கஸ்பார் பொடி போடாத அந்த இரண்டாவது தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தத் தொட்டி மீனுக்கும் வயிறு வீங்க ஆரம்பிச்சிது. நீ மார்க்கெட்டு போற நேரமா பாத்து உன் பொடிய இதுலயும் கலந்துகினு இருந்தேன்."

"பொடிய நம்பாத ஆளு நீ. அப்பறம் ஏன் கலந்த?"

"இதுவும் செத்துட்டா கடலுக்குத்தான போவணும்? பயமா கீதுன்னு உன்கிட்ட எப்டி சொல்றது, ஜூடி?"