தூளிக்கு ஒரு மூலை

மூன்று நாளில் தோட்டத்துத் துரை லயத்து வீடுகளைப் பார்க்க வருவார் என்று கங்காணி சொன்னதும், சிட்டம்மா தன் ஒற்றை அறைக் காம்பராவை ஒதுக்கத் தொடங்கினாள். விறகை வெளியே அடுக்கினாள். கூடைகளை உத்தரத்தில் தொங்கவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியைக்கூட அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்ட ஒரு மூலை கிடைத்தது.

"நீங்க ஒதுக்கலையாக்கா? துரை ஏசுவாரு."

பக்கத்துக் காம்பராப் பேச்சி சிரித்தாள். "உள்ள வந்தா அவரு கால் சப்பாத்துதான்டி பாழாகும்!"

மூன்றாம் நாள் வந்த துரை, சாமான் அடைந்து கிடந்த பேச்சியின் வாசலோடு திரும்பிவிட்டார். சிட்டம்மாவின் காம்பராவில் மட்டும் நின்று, காலி மூலையைத் தடியால் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"மெச்சுறாருங்களா?" என்றாள் சிட்டம்மா.

கூட வந்த கங்காணி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார்.

"கப்பல்ல வந்த புது ஆளுங்க நாலு பேரு பக்கத்துல தெரணியகலையில வந்து நிக்கிறாங்க, தாயி. எந்தக் காம்பராவுல இடம் இருக்குன்னு பாக்கத்தான் துரை வந்தாரு."