இருநூறாவது பெட்டி

ஹால்வரை வெண்டெல் கடைசியாக உயிரோடு பார்த்தது ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. கிழவர் டிராக்டர் ஷெட்டின் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து வழிமறித்து நின்றார்.

"பெட்டியைத் தரமாட்டேன். சொல்லிட்டேன். கிளம்பு."

வெண்டெல் அந்த வட்டாரத்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவன். வீடு வீடாகப் போய், கரண்டை மிச்சம் பிடிக்க வழி சொல்வான். அந்தக் கோடையில் பழைய ஃப்ரிட்ஜ் வேட்டை. ஷெட்டிலும் காரேஜிலும் இரண்டாவதாக ஓடும் பழைய பெட்டியைக் கொடுத்தால் உறுப்பினருக்கு ஐம்பது டாலர். ஓடாத பெட்டி செல்லாது. எடுக்க வரும்போது உள்ளே சில்லென்று இருக்க வேண்டும்.

ஜூன் முடிவதற்குள் இருநூறு பெட்டி சேர்ந்துவிட்டால், ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குச் சங்கமே புது ஹீட்டர் போட்டுத் தரும். போன ஜனவரியில் தீயணைப்பு வண்டியின் குழாய் உறைந்துபோய், ஒரு மாட்டுக்கொட்டகை கண்ணெதிரே எரிந்து விழுந்தது. அதனால் ஊரே பித்துப் பிடித்தாற்போல் எண்ணிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில், முடிவெட்டும் கடையில், எங்கே போனாலும் ஒரே கேள்வி: எத்தனை ஆச்சு வெண்டெல்?

"நாலு புது ஃப்ரிட்ஜ் குடிக்கிற கரண்டை இது ஒண்ணே குடிக்குது, பெரியவரே."

"குடிக்கட்டும். பில்லு நான்தானே கட்டறேன்."

"தனி ஆளு நீங்க. வீட்டுக்குள்ள ஒண்ணு இருக்கில்ல? இது எதுக்கு?"

"நீ மீன் பிடிக்கிறவனாச்சே. உன் காரேஜ்ல ஒண்ணும் ஓடலையா?"

வெண்டெல் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். யாரோ அவசரமாகக் கூப்பிட்ட மாதிரி வண்டியில் ஏறிவிட்டான்.

ஊரில் விஷயம் பரவியது. ஷெட்டுப் பெட்டியில் பீர்தான் இருக்கும், கிழவருக்கு ஊரைவிடப் பீர் பெரிதாகப் போய்விட்டது என்றார்கள். இனித் தீப்பிடித்தால் அந்தப் பீரை ஊற்றித்தான் அணைக்க வேண்டும் என்றார் முடிவெட்டுகிறவர். கடை முழுக்கச் சிரித்தது.

அடுத்த வாரம் ஹால்வர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

ஜூன் இருபத்தெட்டு. கணக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றுவிட்டது. மூன்று மணிக்கு வெண்டெலுக்கு போன் வந்தது. ஹால்வரின் மகள் கரின். அப்பாவின் ஷெட்டில் ஏதோ பழைய ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கிறது, எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டாள்.

வெண்டெல் எழுந்த வேகத்தில் மேசையெல்லாம் காபி கொட்டியது. ஆபீஸே கைதட்டியது. பெட்டி தூக்கும் ஆளைக் கூப்பிட நேரமில்லை. வாசலில் நின்ற லைன்மேன் கர்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். வழி முழுக்க வெண்டெல்தான் பேசினான். ஹீட்டரைப் பற்றி, பேப்பரில் வரப்போகும் போட்டோவைப் பற்றி. கர்ட் ஜன்னல் வழியாகச் சோள வயலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஷெட்டுக்குள் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. குளிர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வெண்டெல் கதவைத் திறந்தான்.

பீர் ஒன்றுகூட இல்லை. வரிசையாகச் சோடா டின்கள். கீழ்த்தட்டில் நனைத்துச் சுருட்டிய துண்டுகள், பத்துப் பன்னிரண்டு, ஜில்லென்று. கதவின் உட்புறம் ஓர் அட்டை, அதில் பென்சில் எழுத்து:

'கர்ட் - சர்க்கரை இல்லாத சோடா. டேல் - மோர். புது ஆள் - பேர் கேட்கணும்.'

வெண்டெல் இரண்டு தரம் படித்தான்.

"கர்ட், இது உன் பேருதானே?"

"எங்க எல்லார் பேரும்தான் அண்ணே. பன்னெண்டு வருஷம் முன்னால, இந்த வாசல் கம்பத்துல வேலை பார்க்கிறப்போ வெயில்ல மயங்கி விழுந்தேன். அன்னிக்கு அவர் நனைச்ச துண்டை எடுத்துட்டு ஓடி வந்தார். அதுல இருந்து ஷெட்டு பூட்டினதே இல்லை. இந்தப் பக்கம் லைன் வேலைன்னா நாங்களே உள்ள வந்து எடுத்துக்குவோம்."

"இதை அவர் என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்வார்? உறுப்பினர்கிட்ட எதையும் வாங்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல விதி இருக்கே. சொன்னா எங்களுக்கு வம்பு. ஊரு பேசினதெல்லாம் அவர் காதுக்கும் வந்துச்சு. பேசட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்கடான்னுட்டார்."

கர்ட் குனிந்து பிளக்கில் கையை வைத்தான்.

"பிடுங்கட்டுமா? எங்களைப் பத்தி ஆபீஸ்ல எழுதப் போறீங்களா அண்ணே?"

"எதை எழுதறது?" வெண்டெல் பெட்டிக் கதவை மெதுவாகச் சாத்தினான். "கையை எடு. வண்டியில ஏறு. இன்னொரு வீடு இருக்கு."

"நம்ம பட்டியல்ல வேற வீடே இல்லையே?"

"பட்டியல்ல இல்லை."

ஜூன் முப்பதாம் தேதி சங்கக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. பன்றி இறைச்சி ரொட்டியும் பழக் கேக்குமாகப் பந்தி நடுவே மேனேஜர் மைக்கைப் பிடித்தார். இருநூறாவது பெட்டி என்றதும் ஆரவாரத்தில் கூரை அதிர்ந்தது. கொடுத்தவர் பெயரைப் படித்தார். பிறகு அதைவிடப் பெரிய சிரிப்பு. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது வெண்டெலின் மனைவி டோரீன். இருபத்திரண்டு வருஷமாக அவன் காரேஜில் பீரும் மீனுமாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி அது.

ஹால்வரின் ஷெட்டில் பழைய ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. கரினின் சம்மதத்தோடு, அந்த ஷெட்டின் மீட்டர் இப்போது வெண்டெல் பெயரில் இருக்கிறது.