வெறும் எழுத்து

கணவர் வரதராஜனின் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், அதே நோய் உள்ளவர்களின் மின்னஞ்சல் குழுவில் பூங்கோதை சேர்ந்தாள். முதல் மெயிலையே சிவப்பு எழுத்தில், சாமி படம் வைத்து, மற்றவர்களின் பழைய மெயில்கள் அத்தனையும் வாலாகத் தொங்க அனுப்பினாள். குழுவை நடத்தும் ஜமால் முகைதீன் பதில் போட்டார்: 'அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். வண்ணமும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தில் அனுப்புங்கள். பழையவற்றை வெட்டிவிடுங்கள். தங்கள் கணவர் நலமாக இருக்கட்டும்.'

அவளுக்குச் சுருக்கென்றது. அழுகிறவளிடம் என்ன சட்டம்? அவரும் தன் ஊர்தான் என்று தெரிந்ததும், நேரிலேயே கேட்டுவிடக் கிளம்பினாள்.

கதவைத் திறந்த அவர் மனைவி ரஹ்மத் உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் ஜமால் அசையாமல் படுத்திருந்தார். கண்கள் மட்டும் எதிரே இருந்த திரையில் நகர்ந்தன. பார்வை நின்ற எழுத்து ஒவ்வொன்றாக வரியில் விழுந்தது.

"படம் வந்தா திரை நின்னுபோகும். நீளமா வந்தா கடைசிவரைக்கும் கண்ணாலயே தள்ளணும்," என்றார் ரஹ்மத். "ஆனா இவர் எழுதறப்ப அன்புள்ள, வணக்கம்னு ஒண்ணையும் விடமாட்டார். சுருக்குங்கன்னா கேக்கறதில்ல."

இப்படி ஒரு கட்டிலில் வரதராஜனைப் பூங்கோதை நினைத்துப் பார்த்தாள். முதல்முறையாக, அந்த நினைப்பில் அவர் ஊமையாக இல்லை; கண்ணால் பேசிக்கொண்டிருந்தார்.

ஜமாலின் கண்கள் ஒருகணம் அவள்மேல் தங்கிவிட்டுத் திரைக்குத் திரும்பின. 'உ' வந்தது. பிறகு 'ட்'. 'உட்காருங்கள் சகோதரி' என்பது முழுதாக வந்து, அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளியும் விழும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.