மூன்று வார்த்தை மூலக்கொள்கை

“சார், பல்லுக்கு வர்ற ல-வா, பழத்துக்கு வர்ற ழ-வா?”

அச்சகத்தில் டைப் அடிக்கும் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல்தான் கேட்டாள். அந்தக் கேள்வியில் ஒரு கல்யாணமே நிற்கப் பார்க்கும் என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

“பழத்துக்கு வர்றது” என்றார் பெண்ணைப் பெற்ற சர்வேயர்.

“பல்லுக்கு வர்றது” என்றார் பையனைப் பெற்ற பல் டாக்டர்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் போட வேண்டிய வாசகம் அது. இரண்டு குடும்பமும் ஒரே மன்றம். மன்றத்துக்கு ஒரே மூலக்கொள்கை. காலமாகிவிட்ட ஆசான் வாயால் சொல்லிவிட்டுப் போன மூன்றே வார்த்தை. இருபது வருடமாக வாராவாரம் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, உருகி உருகி இருவரும் சொன்னது.

சர்வேயர் சொன்னது, ‘வழி விட்டு நில்.’

டாக்டர் சொன்னது, ‘வலி விட்டு நில்.’

நம் ஆட்களின் நாக்கு ழ-வுக்கெல்லாம் மடங்குகிறதா என்ன? காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அதனால்தான் இருபது வருடமும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

“அடுத்தவனுக்கு வழி விடறதுதாங்க கொள்கையோட உயிரே. வலியாவது கிலியாவது.”

“துன்பத்தை விட்டு விலகி நிக்கறதுதான் சம்பந்தி ஞானம். வழி விடறதுக்கு நாம என்ன டிராஃபிக் போலீஸா?”

“நாள் பூரா பல்லைப் பிடுங்கினா எல்லாமே வலியாத்தான் தெரியும்.”

“நாள் பூரா நிலம் அளக்கற சங்கிலியைப் பிடிச்சு இழுத்தா ஞானம் மட்டும் வந்துடுமாக்கும்.”

காகிதக் கட்டைத் தலையில் சுமந்து வந்த ஆள், “சார், கொஞ்சம் தள்ளுங்க” என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். வழி விட்டு நிற்கும் கொள்கைக்காரர் ஓர் அங்குலம் அசையவில்லை. வலி விட்டு நிற்கும் கொள்கைக்காரரோ, தன் மனசு ரொம்பப் புண்பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்வேயரின் மனைவிக்குக் காலையிலிருந்தே படபடப்பு. தேதி தப்பாகிவிடுமோ, பேரில் துணைக்கால் விட்டுப்போகுமோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். கொள்கையில் பிழை வரும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அஞ்சாவதோடு படிப்பை விட்டவள். மன்றத்தில் அவளுக்குத் தந்திருந்த பொறுப்பு, நாற்காலி துடைப்பது. இத்தனை வருடமாக அவள் எந்த எழுத்தைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

“மூலக்கொள்கையே தப்பா இருக்கிற வீட்டுல எப்படிச் சம்பந்தம் வைக்கிறது?” டாக்டர் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“தாராளமா வைக்க வேண்டாம். ஆசானை விட எனக்குச் சம்பந்தம் பெரிசில்லை.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். “அம்மா, ‘பத்திரிகை டிசைன் பிடிச்சுதா’ன்னு அவர் கேட்டு அனுப்பியிருக்கார். என்ன சொல்லட்டும்?”

போனை அம்மாவின் முன்னால் நீட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள். டாக்டர் வாசற்படியில் கால் வைத்துவிட்டார்.

“ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள். “எந்த எழுத்தா இருந்தா என்ன? ஆசானுக்குத்தான் எழுதப் படிக்கவே தெரியாதாமே. சுத்தக் கைநாட்டாம். எந்த ல-ன்னு கேட்டிருந்தா அவரே பேந்தப் பேந்த முழிச்சிருப்பாரு.”



“யாரைப் பார்த்துக் கைநாட்டுங்கறே?” சர்வேயருக்கு உதடு துடித்தது.

டாக்டர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். “கேட்டீங்களா சம்பந்தி? ஆசானையே…”

“கேட்டேன் சம்பந்தி. வெட்கமா இருக்கு. என் வீட்டிலேயே இப்படி ஒரு ஜன்மம்.”

“நாம ரெண்டு பேரும் ஓர் எழுத்துக்கு முட்டிக்கிட்டு நிக்கறோம். இந்தம்மா அடிமரத்தையே வெட்டுறாங்க.”

“அஞ்சாவது தாண்டாததுக்கு வாயைப் பாருங்க. ஆசான் கொள்கையை ஏன் எழுதி வைக்கலைன்னு இப்பத்தானே புரியுது. இந்த மாதிரி ஆளுங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான்.”

“லட்சத்துல ஒரு வார்த்தை சம்பந்தி. அப்போ பத்திரிகையிலயும் எழுத வேண்டாம். மேடையில நாம ரெண்டு பேருமா வாயாலயே சொல்லிடுவோம்.”

“பேஷா சொல்லிடுவோம்.”

தண்டனையையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். எவ்வளவு ஒற்றுமை. ஆசான் படத்துக்கு முன்னால் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறு மாதம் மன்றத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. டாக்டர் பையைத் திறந்து ஆசான் படத்தை எடுத்து மேஜைமேல் சாய்த்து வைத்தார். அவள் கைகூப்பி, “புத்தி கெட்டுப் பேசிட்டேன்” என்றாள். டைப் பெண்கூட அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“அப்போ மேல என்னதான் சார் போடறது?”

“ஆசான் படம் போதும்மா” என்றார்கள் இருவரும், ஒரே குரலில். பிறகு தோளில் கை போட்டுக்கொண்டு பேப்பர் வகை பார்க்க உள்ளே போனார்கள்.

மகள் அம்மாவை வெளியே அழைத்து வந்தாள். அவளுக்கே அம்மா மேல் கோபம்.

“ஏம்மா, ஆசான் நிஜமாவே கைநாட்டா? யார் சொன்னா உனக்கு?”

“யாருக்குடி தெரியும்? அவங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமா நின்னு திட்டறதுக்கு அவசரமா ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துல நான்தான் இருந்தேன்.”