சாவி யார் கையில்?

“அக்கா, சார் உயிரோட இருக்காரு.”

பலாபத்வலயில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த மூச்சு அடங்குவதற்குள் முத்துவீரன் சொல்லிவிட்டான். கதவைத் திறந்த சந்திரவதனா பேயறைந்தவள்போல் நின்றாள். ரோட்டைப் பார்த்தாள், அவனைச் சட்டென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சந்தோஷத்தில் வந்த அதிர்ச்சி என்றுதான் அவன் நினைத்தான். பாவம், வேறென்ன நினைப்பான்?

அவள் கணவர் ஆறுமுகநாதன் மாத்தளையில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பனியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். முத்துவீரன் அதே பிரிவில் அவருக்கு அடுத்தவன். 2007 கடைசியில் ஒரு காலை, பேக்கரிக் கடைக்குப் பாண் வாங்கப் போன ஆறுமுகநாதன் திரும்பி வரவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வான் வண்டி நின்றதாகச் சிலர் சொன்னார்கள். ஆட்களை வண்டியில் கடத்திப்போன அந்த யுத்த நாட்களில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஊரைத் திகைக்க வைத்தவள் சந்திரவதனாதான். மூன்றாம் மாதமே பொட்டை அழித்தாள். உடல் கிடைக்காமலே அந்தியேட்டிச் சடங்கும் செய்து முடித்தாள். காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார் இருபது வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாவட்டம் இது. இவளுக்கு மட்டும் என்ன கல்நெஞ்சோ என்று பேசாத வாயில்லை.

முத்துவீரன் மூச்சுவிடாமல் விளக்கினான். கம்பனியின் கிளைகளை இணைக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு அத்தாட்சி, அவற்றில் இருக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ். அதன் தேதி முடிந்தாலோ, அதை ரத்துச் செய்தாலோ ஐந்து கிளைகளோடும் தொடர்பு அறுந்துபோகும். இன்றைக்குத்தான் கடைசித் தேதி. புதுப்பிக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்தச் சாவியைத் திறக்கிற பாஸ்வேர்ட் ஆறுமுகநாதன் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. காலையில் ஆபீசுக்குப் போய்ப் பார்த்தால், யாரோ நேற்றே வெளியிலிருந்தே இணையம் வழியாக உள்ளே நுழைந்து இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.

“சாரைத் தவிர யாராலயும் முடியாதுக்கா. எங்கேயோ இருக்காரு. மேனேஜர்கிட்ட சொல்லுவோம், பேப்பர்ல போடுவோம், தேடுவோம்.”

“ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதையுங்கோ,” என்றாள் அவள். “அவர் செத்துப்போனார்.”

முத்துவீரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறவள்தானே மனைவி? ஊர் பேசியது சரிதானோ என்று ஆத்திரம் பொங்கியது. சார் திரும்பி வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேவிட்டான். அவர் செத்துப்போனார் என்று அவள் திரும்பவும் சொன்னாள்.

அதைக் கேட்டதும் அவனுக்கு வேறொரு பயம் வந்தது. சார் செத்தது உண்மையென்றால், அவரைக் கொண்டுபோனவர்கள் கையில் அல்லவா அந்தச் சாவி இருக்கிறது! பாஸ்வேர்டை அடித்தே வாங்கியிருப்பார்கள். நினைக்கவே அவனுக்கு அழுகை வந்தது. களவுபோன சாவியின் சான்றிதழை ஒரு நிமிஷமும் விட்டுவைக்கக் கூடாது.

“அப்படின்னா நான் இப்பவே ஆபீசுக்குப் போய் அந்தச் சேர்ட்டிபிகட்ட கேன்சல் பண்ணிர்றேன்க்கா.”

அவளுக்குப் போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது. நல்லது, உடனே போய்ச் செய்யுங்கோ என்று அவசரமாகக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் வாசற்படியில் கால் வைத்தான். சீலிங் பலகைக்கு மேலிருந்து, எட்டு மாதமாக அவன் கேட்காத குரல் பொறுக்க மாட்டாமல் இறங்கியது.

“தம்பி, முதல்ல புதுச் சாவி செய்து அஞ்சு கிளைக்கும் போடும், பிறகுதான் பழசைக் கான்சல் பண்ணவேணும், எத்தினை தரம் சொன்னனான்?”