ஜீப் இருக்க நடப்பானேன்?

கர்டிஸ் ராட்சத ஜீப் வாங்கிய சேதியை எங்கள் தெருவில் யாரும் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. கொலராடோவில் பாதிப் பேரிடம் ஜீப் உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய்க் காட்டியவன் அவன் ஒருவன்தான்.

"ஏரிக்குப் போற ஒத்தையடிப் பாதை வரைக்கும் இனிமே வண்டியிலேயே போலாம்," என்றான் மனைவி ட்ரூடியிடம். "மத்தவங்க மாதிரி அடிவாரத்துல கார விட்டுட்டு அந்தக் கல்லு ரோட்டுல நாலு மைல் நடக்க வேண்டாம். நீ அதுல நடக்கும்படி ஆச்சுன்னா அன்னிக்கே வண்டிய வித்துடறேன்!"

சனிக்கிழமை கிளம்பினார்கள். கல்லு ரோடு தொடங்கியதிலிருந்து ட்ரூடியின் வாய் ஓயவில்லை.

"இடது பக்கம் ஒடி! பள்ளம், பள்ளம்!"

"ஓட்டுறது நானா, நீயா?"

"மெதுவா, கர்டிஸ்! அந்தப் பாறை அடிப்பாகத்தப் பேத்துடும்!"

"ஏன் இப்படி மூச்சு வாங்குற? பயமா?"

"பேசாம ரோட்டப் பாரு!"

நடந்து வந்த ஒரு கூட்டம் அவர்களை முந்திக்கொண்டு போனது. கர்டிஸ் அசரவில்லை, அமைச்சர் மாதிரி ஜன்னல் வழியே கையசைத்தான்.

ஒருவழியாக ஒத்தையடிப் பாதை தொடங்கும் இடம் வந்தது. கர்டிஸ் இறங்கி ஜீப்பைத் தட்டிக்கொடுத்தான்.

"பாத்தியா, ஒரு கீறல் இல்ல! வா, இனி ஏரிக்கு நடக்கலாம்."

"இனியா?"

ஜீப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பூட்ஸிலிருந்த சரளைக்கல்லைக் கொட்டினாள் ட்ரூடி. நாலு மைலும் அவள் வண்டிக்கு முன்னால் நடந்தேதான் வந்திருந்தாள், கல்லைப் பொறுக்கி எறிந்து, கை காட்டி வழி சொல்லிக்கொண்டு.

"சாவியக் கொடு. இறங்கும்போது நான் ஓட்டறேன், நீ முன்னாடி நட. வண்டிய யாராவது கேட்டா விலைய நான் பேசிக்கறேன்."